மதக் கல்லூரிகளுக்கு அரசு மானியம்: யாரும் பார்க்காத ஓர் ஒப்புதல் தாள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மத அமைப்புகள் நடத்தும் கல்லூரிகளுக்கு மக்களின் வரிப்பணத்திலிருந்து மானியம் கொடுக்கலாமா, கூடாதா என்பது குறித்தும், அது தொடர்பான நீதிமன்ற வழக்குகள் குறித்தும் தங்கள் நாளிதழில் வெளிவரும் கடிதங்களைச் சில வாரங்களாகப் படித்து வருகிறேன். கொடுக்கவே கூடாது என்பவர்களும், கை வைத்தால் சிறுபான்மையினர் உரிமை போய்விடும் என்பவர்களும், பணம் கல்லூரிக்குள் நுழையும் வாசலிலேயே நின்று மல்லுக்கட்டுகிறார்கள். உள்ளே போன பிறகு அந்தப் பணத்தின் பெயரால் படிக்க வரும் பிள்ளைக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது என்று கேட்பவர்களைக் காணோம். கடலோரத்தை ஒட்டிய அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றின் அலுவலகத்தில் 31 ஆண்டுகள் எழுத்தராகவும் பின்னர் கண்காணிப்பாளராகவும் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அக்கல்லூரியை எந்த மதத்தவர் நடத்தினார்கள் என்பதைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்சு அந்தத் திசைக்குப் போய்விடும். நான் சொல்ல வருவது மூன்று மதத்தார் நடத்தும் கல்லூரிகளுக்கும் பொருந்தும்.

முதலில், சட்டம் இதில் வாய் திறக்காமல் இல்லை. ஒரு குறிப்பிட்ட மதத்தை வளர்ப்பதற்கென்றே ஒதுக்கப்படும் வரியைக் கட்டும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 27ஆவது பிரிவு. முழுக்க முழுக்க அரசு நிதியில் நடக்கும் கல்வி நிலையத்தில் மத போதனை கூடாது என்கிறது 28(1). அரசு உதவி பெறும் நிலையத்தில் மதம், இனம், சாதி, மொழி என்ற காரணத்துக்காக மட்டுமே எவருக்கும் சேர்க்கை மறுக்கக் கூடாது என்கிறது 29(2). உதவி வழங்கும்போது சிறுபான்மையினர் நடத்துகிறார்கள் என்பதற்காக ஒரு நிலையத்தைப் பாகுபடுத்தக் கூடாது என்று அரசைப் பார்த்துச் சொல்கிறது 30(2). இவற்றைச் சேர்த்துப் படித்தால், மத அமைப்பு நடத்தும் கல்லூரிக்கு அரசு உதவி செய்யலாம் என்பதைச் சட்டத்தை வகுத்தவர்கள் ஏற்றுக்கொண்டே எழுதியிருக்கிறார்கள் என்பது விளங்கும். 1854ஆம் ஆண்டின் உட்ஸ் கல்வி அறிக்கை காலத்திலிருந்தே, யார் நடத்தினாலும் அங்கே நடக்கும் பொதுக் கல்விக்காகப் பணம் கொடுப்பது என்ற ஏற்பாடு நம்மிடம் இருந்து வருகிறது.

நீதிமன்றங்களும் ஏறக்குறைய இதே பாதையில்தான் நடந்திருக்கின்றன. 1958இல் கேரளக் கல்வி மசோதா பற்றிக் குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்டபோது, உதவிக்கு நிபந்தனை விதிக்கலாம், ஆனால் நிபந்தனை என்ற பெயரில் சிறுபான்மையினரின் உரிமையையே விட்டுக்கொடுக்கச் சொல்லக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். நிர்வகிக்கும் உரிமை என்பது சீர்கெட நிர்வகிக்கும் உரிமை ஆகாது என்றும் சேர்த்துச் சொன்னது. 1991இல் செயிண்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரி வழக்கில், உதவி பெறும் சிறுபான்மைக் கல்லூரி தன் சமூகத்தாருக்கு 50 சதவீதம் வரை இடம் ஒதுக்கலாம் என்று தீர்ப்பானது. 2002இல் டி.எம்.ஏ. பாய் வழக்கை விசாரித்த 11 நீதிபதிகள் அமர்வு, அப்படி ஒரே அளவை எல்லா இடத்துக்கும் விதிக்க முடியாது, அந்தந்தப் பகுதியின் தேவையைப் பார்க்க வேண்டும் என்றது. 27ஆவது பிரிவை முன்வைத்து ஹஜ் மானியத்தை எதிர்த்த பிரஃபுல் கொராடியா வழக்கில், ஒரு வரியின் கணிசமான பகுதி ஒரு மதத்துக்கென்று போனால்தான் அப்பிரிவு மீறப்பட்டதாகும் என்று 2011இல் கூறப்பட்டது. மானியம் பெறுவது எவருக்கும் அடிப்படை உரிமை அல்ல, சிறுபான்மை நிலையமானாலும் மற்றதானாலும் இதில் வேறுபாடு இல்லை என்று 2021இல் உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆக, கொடுக்கலாம், கொடுத்தே தீர வேண்டும் என்பதில்லை, கொடுத்தால் நிபந்தனையோடு கொடுக்கலாம். இனி ஒரு வழக்குப் போட்டாலும் இந்த மூன்றையும் தாண்டிப் பெரிதாக எதுவும் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒரு வாசகர் அமெரிக்காவை எடுத்துக்காட்டி, அங்கே அரசும் மதமும் சுவர் வைத்துப் பிரிக்கப்பட்டிருப்பதாக எழுதியிருந்தார். அந்தச் சுவரில் கதவுகளும் உண்டு என்பதை அவர் குறிப்பிடவில்லை. கனெக்டிகட் மாநிலத்தில் திருச்சபை சார்ந்த நான்கு கல்லூரிகளுக்கு நூலகம், அறிவியல் கட்டடம், மொழி ஆய்வகம் போன்றவை கட்ட மத்திய அரசு பணம் கொடுத்ததை எதிர்த்து டில்டன் எதிர் ரிச்சர்ட்சன் என்ற வழக்கு நடந்தது. 1971 ஜூன் 28 அன்று, கொடுத்தது செல்லும் என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே நாளில், அதே நீதிமன்றம், லெமன் எதிர் கர்ட்ஸ்மன் வழக்கில், பென்சில்வேனியாவிலும் ரோட் ஐலண்டிலும் திருச்சபைப் பள்ளி ஆசிரியர்களின் சம்பளத்துக்கு மாநில அரசுகள் பணம் கொடுத்தது செல்லாது என்றது. கட்டடம் பிரசங்கம் செய்யாது, ஆசிரியர் செய்யக்கூடும். அவரைக் கண்காணிக்கப் போனால் அரசு திருச்சபைக்குள் கால் வைக்க வேண்டியதாகிவிடும் என்பது அதன் சாரம். கல்லூரி மாணவர்கள் வளர்ந்தவர்கள், பள்ளிப் பிள்ளைகளைப் போல எதையும் அப்படியே ஏற்பவர்கள் அல்லர் என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

நம் ஏற்பாடு இதற்கு நேர் எதிர். இங்கே கட்டடம் பெரும்பாலும் நிர்வாகத்துடையது, சம்பளம்தான் அரசுடையது. மாதந்தோறும் சம்பளப் பட்டியல் தயாரித்து மதுரையிலுள்ள மண்டல இணை இயக்குநர் அலுவலகத்துக்கு, நாங்கள் சொல்லும் ஆர்.ஜே.டி. ஆபீசுக்கு, அனுப்புவதுதான் என் வேலையில் பாதி. ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பது நிர்வாகம். தகுதியைச் சரிபார்த்து ஏற்பது இணை இயக்குநர். சம்பளம் கொடுப்பது கருவூலம். அந்த ஆசிரியர் வகுப்பில் என்ன நடத்துகிறார் என்பது பட்டியலின் எந்தக் கட்டத்திலும் வராது. அமெரிக்க நீதிமன்றம் அஞ்சிய இடத்தில் நாம் ஒன்றரை நூற்றாண்டாக நின்றுகொண்டிருக்கிறோம். அதற்காக வானம் இடிந்து விழுந்துவிடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்; எங்கள் பேராசிரியர்களில் பெரும்பாலோர் இயற்பியலையும் வணிகவியலையும் நடத்திவிட்டுத் தங்கள் பாட்டுக்கு வீட்டுக்குப் போனவர்கள்.

ஆனால் டில்டன் வழக்கில் இன்னொரு சங்கதி உண்டு. அரசுப் பணத்தில் கட்டிய கட்டடத்தை 20 ஆண்டுகளுக்கு வழிபாட்டுக்கோ மத போதனைக்கோ பயன்படுத்தக் கூடாது என்று, அந்தப் பணத்தை வழங்க வழிசெய்த சட்டத்தில் இருந்தது. இருபதாண்டு கழிந்தால் மட்டும் கட்டடம் மதிப்பில்லாததாகிவிடுமா, அதற்குப் பிறகும் அது அரசு கொடுத்த கட்டடம்தானே என்று கேட்டு, அந்தக் காலவரம்பை மட்டும் நீதிமன்றம் நீக்கிவிட்டது. இதைப் படித்தபோது எனக்கு எங்கள் மகளிர் விடுதி நினைவுக்கு வந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் நிதியில் கட்டிய அந்த விடுதியின் வரைபடத்தில் கீழ்த்தளத்துக் கூடம் ஒன்று வாசிப்பறை என்று குறிக்கப்பட்டிருந்தது. நான்கைந்து ஆண்டுகளில் அது வழிபாட்டு அறை ஆகிவிட்டது. அதற்கென்று யாரும் உத்தரவு போடவில்லை, மெல்ல மெல்ல ஆனது. தணிக்கைக் குழு வருவதற்கு முந்தைய நாள் மாலை, அங்கிருந்தவற்றை மாடிக்கு ஏற்றிவிட்டு, நூலகத்திலிருந்து நீள மேசை ஒன்றையும் செய்தித்தாள் மாட்டும் மரச் சட்டத்தையும் நாங்கள் நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்து போட்டோம். வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள், காப்பி குடித்தார்கள், குறித்துக்கொண்டு போனார்கள். அந்த மரச் சட்டத்தில் அன்று தொங்கியது தங்கள் நாளிதழ்தான்.

இதையெல்லாம் விட எனக்கு உறுத்தலானது ஒன்று உண்டு. கடிதம் எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான்.

28(3) என்ற பிரிவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அரசின் அங்கீகாரம் பெற்ற, அல்லது அரசு உதவி பெறும் கல்வி நிலையத்தில் படிக்கும் எவரையும், அவர் சம்மதம் இல்லாமல் அங்கு நடக்கும் மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் செய்யக் கூடாது என்பது அப்பிரிவு. அவர் உரிய வயதை எட்டாதவர் என்றால் காப்பாளரின் சம்மதம் வேண்டும். 'அல்லது' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். மானியம் வாங்கும் கல்லூரிக்குத்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். அங்கீகாரம் பெற்றிருந்தாலே போதும், சுயநிதிக் கல்லூரியும் இதற்குள் வந்துவிடும். வரிப்பணம் எங்கே போகிறது என்று கேட்பவர்களுக்கு 27ஆவது பிரிவு இருக்கிறது. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு இருப்பது இந்த ஒன்றுதான்.

இந்தச் சம்மதம் எங்கள் கரையில் எப்படி வாங்கப்படுகிறது என்பதைச் சொல்கிறேன். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறிக் கிடக்கும் நாட்கள். கல்லூரிச் சேர்க்கையும் அப்போதுதான். கடலுக்குப் போகிற தகப்பன் பகல் நேரத்தில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மகளைக் கூட்டிக்கொண்டு வரமுடிகிற காலமும் அதுதான், கையில் காசு ஓட்டம் இல்லாத காலமும் அதுதான். மோர்ப்பண்ணை, முள்ளிமுனை, காரங்காடு, நம்புதாளை என்று பல ஊர்களிலிருந்தும் வருவார்கள். விண்ணப்பம் எட்டுப் பக்கம். ஏழாம் பக்கத்தில் உறுதிமொழிகள்: ராகிங் செய்ய மாட்டேன், கைப்பேசி கொண்டுவர மாட்டேன், கட்டணத்தைத் திரும்பக் கேட்க மாட்டேன். இவற்றுக்கு நடுவில் ஒரு வரி, கல்லூரியில் நடைபெறும் சமய, அறநெறி வகுப்புகளிலும் வழிபாடுகளிலும் கலந்துகொள்ள முழுமனதுடன் சம்மதிக்கிறேன் என்று. கீழே பெற்றோர் கையெழுத்து.

"எங்க சார் போடணும்?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். எதற்கு என்று கேட்டவர் ஒருவரோ இருவரோ. வரிசை நீளும் என்பதால், கையெழுத்துப் போட வேண்டிய மூன்று இடங்களிலும் நான் முன்கூட்டியே பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்திருப்பேன். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு மைப்பெட்டியை நகர்த்தி வைப்பேன். என் காலத்தில் சில ஆயிரம் சம்மதங்கள் இப்படி வாங்கப்பட்டன, அவற்றை வாங்கியவன் நான். எந்த வழக்கறிஞரும் அந்த ஏழாம் பக்கத்தைக் கேட்டு வந்ததில்லை. ஆர்.ஜே.டி. ஆபீசிலிருந்தும் கேட்டதில்லை, அவர்கள் கேட்டதெல்லாம் சாதிச் சான்றிதழும் மாற்றுச் சான்றிதழும்தான்.

பிளஸ் டூ முடித்து வரும் பெண்ணுக்கு அப்போது 17 வயது. முதலாண்டு முடிவதற்குள் 18 ஆகிவிடும். அன்றிலிருந்து சம்மதிப்பதும் மறுப்பதும் அவள் உரிமை. தகப்பன் போட்ட கையெழுத்துக்கு அதன் பிறகு என்ன பொருள் இருக்கிறது? ஓட்டுரிமை வந்துவிட்டது என்று வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க முகாம் போட்டு அழைக்கும் கல்லூரி, அதே பிள்ளையைப் பார்த்து இந்த வகுப்புக்கு வர உனக்குச் சம்மதமா என்று ஒரு முறை கூடக் கேட்பதில்லை.

மறுப்பவர்களுக்கு நீதிபோதனை வகுப்பு இருக்கிறதே என்று சொல்வார்கள். இருக்கிறது. கிறித்தவக் கல்லூரிகளில் தங்கள் பிள்ளைகளுக்கு மறைக்கல்வியும், முஸ்லிம் கல்லூரிகளில் தீனியாத் என்ற இஸ்லாமிய சமயக் கல்வியும், மற்றவர்களுக்கு அறநெறியும் எனப் பிரித்து நடத்துவது பழைய வழக்கம், நல்ல வழக்கமும்கூட. எல்லா மதங்களைப் பற்றியும் அறிந்துகொள்ளக் கற்பிப்பது வேறு, ஒரு மதத்தின் சடங்கைக் கற்பிப்பது வேறு என்று 2002இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றமும் பிரித்துக் காட்டியிருக்கிறது. ஆனால் கால அட்டவணையில் மதிப்புக்கல்வி என்று அச்சிட்டுவிட்டு உள்ளே எதையும் நடத்தலாம் என்ற நிலையில், அந்தப் பிரிவினை நிர்வாகத்தின் நல்ல மனதை நம்பியே இருக்கிறது. நல்ல முதல்வர் வந்தால் நன்றாக நடக்கும். அவர் மாறினால் மாறிவிடும்.

பிடிக்காவிட்டால் வேறு கல்லூரிக்குப் போக வேண்டியதுதானே என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அமெரிக்காவிலும் இந்த வாதம் உண்டு. 1986இல் விட்டர்ஸ் என்ற வழக்கில், பார்வையற்ற மாணவர் ஒருவர் அரசின் உதவித்தொகையைக் கொண்டு விவிலியக் கல்லூரியில் படிக்கலாம், பணம் அவருடைய சுயவிருப்பத்தின் வழியாகத்தானே அங்கே போகிறது என்று தீர்ப்பானது. நம் புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் அப்படித்தான். பெண்ணின் வங்கிக் கணக்குக்கு வருகிறது, அவள் எந்த மதத்தார் நடத்தும் கல்லூரியில் படிக்கிறாள் என்று யாரும் பார்ப்பதில்லை, பார்க்கவும் கூடாது. ஆனால் சுயவிருப்பம் என்பது இக்கரையில் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதைப் பொறுத்தது. திருவாடானை, முதுகுளத்தூர், கடலாடி, ராமேசுவரம் என்று அரசுக் கலைக் கல்லூரிகள் வந்திருப்பது பெரிய ஆறுதல்தான். இருந்தாலும் தாங்கள் கேட்கும் பாடம் அங்கே இல்லை, பெண்கள் மட்டும் படிக்கும் இடமாக வேண்டும், இருட்டுவதற்குள் வீடு வந்து சேர வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வந்தால் மிஞ்சுவது ஒரே ஒரு கல்லூரிதான். அதை யார் நடத்துகிறார்களோ அவர்கள் விண்ணப்பத்தில்தான் கையெழுத்து.

கோயில் நிதியில் நடக்கும் கல்லூரிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றையும் வரிப்பணக் கணக்கில் சேர்த்துப் பேசுகிறார்கள்; அது சரியில்லை. உண்டியல் பணம் வரி அல்ல. 2021இல் இந்து சமய அறநிலையத் துறை கல்லூரிகள் தொடங்கியதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனவர்களின் முறையீடு, கோயில் பணம் பொதுக் கல்விக்குத் திருப்பப்படுகிறது என்பது. முன்பே தொடங்கிய நான்கு கல்லூரிகளில் இந்து சமயக் கல்வியும் கற்பிக்கப்பட வேண்டும் என்று அப்போது நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. அரசுப் பணம் வருவதால் மதத்தைக் கற்பிக்காதே என்று ஒரு நாட்டில் வழக்கு. கோயில் பணம் என்பதால் கற்பித்தே ஆக வேண்டும் என்று இன்னொரு நாட்டில். கொளத்தூரில் தொடங்கிய கல்லூரியின் பணிகளுக்கு இந்துக்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்ற விளம்பரத்தை எதிர்த்துப் போட்ட வழக்கு தள்ளுபடியானதற்கும், அது அரசு உதவி பெறாத சுயநிதிக் கல்லூரி என்பது காரணங்களுள் ஒன்றாகச் சொல்லப்பட்டது. பணியாளர் நியமனத்தில் அந்த வாதம் நிற்கட்டும். மாணவரிடம் அது நிற்காது. அங்கே ஒரு மீனவக் கிறித்தவப் பிள்ளையோ முஸ்லிம் பிள்ளையோ சேர்ந்தால், 28(3) அவர்களுக்கும் உண்டு என்பதே என் கருத்து.

மானியத்தை நிறுத்த வேண்டும் என்பவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. நிறுத்தினால் மதம் வெளியேறாது. கட்டணம்தான் உள்ளே வரும். இதைப் பார்க்க நீதிமன்றம் போக வேண்டாம், எந்த உதவி பெறும் கல்லூரியின் மாலை ஷிஃப்டையும் பார்த்தால் போதும். காலையில் எய்டட் பிரிவில் படிக்கும் பிள்ளை கட்டுவதைப் போலப் பல மடங்கை, அதே பெஞ்சில் மாலையில் சுயநிதிப் பிரிவில் உட்காரும் பிள்ளை கட்டுகிறது. வழிபாட்டுக்கான மணி இரண்டு பேருக்கும் அடிக்கிறது.

கல்லூரிக் கல்வித் துறை செய்யக்கூடியது எளிதானது. புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. சமய வகுப்புக்கான சம்மதத்தை மற்ற உறுதிமொழிகளோடு கலக்காமல் தனித் தாளில், தமிழில், சம்மதம், சம்மதமில்லை என்று இரண்டு கட்டம் போட்டுக் கேட்க வேண்டும். சேர்க்கை முடிந்த பிறகு கேட்க வேண்டும். இடம் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயத்தில் இருக்கும்போது கேட்பது சம்மதம் ஆகாது. பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும் அதே தாளை அவளிடமே மீண்டும் கொடுக்க வேண்டும். வேண்டாம் என்று குறித்தவர்களின் எண்ணிக்கையையும், அந்த நேரத்தில் அவர்களுக்கு நடந்த வகுப்பையும் ஆண்டுக்கு ஒருமுறை இணை இயக்குநர் அலுவலகத்துக்கு அனுப்பச் சொல்ல வேண்டும். சம்பளப் பட்டியலில் ஒரு ரூபாய் பிசகினால் மதுரையிலிருந்து திருப்பி அனுப்புகிறவர்கள், இந்தத் தாளையும் ஒரு முறை புரட்டிப் பார்க்கட்டும்.

வரும் தடைக்காலத்தில் விண்ணப்பம் வாங்க வரும் பெற்றோருக்கும் இக்கடிதத்தின் வழியாக ஒன்று சொல்லிக்கொள்கிறேன். பென்சிலால் குறி போட்டிருக்கும் இடத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், அதன் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டச் சொல்லுங்கள். அலுவலகத்தில் இருப்பவர் படித்துக் காட்டியாக வேண்டும். என்னிடம் யாராவது கேட்டிருந்தால் நானும் காட்டியிருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி அலுவலகக் கண்காணிப்பாளர்,
தொண்டி, ராமநாதபுரம் மாவட்டம்.